பம்பருக்குப் பின்னால் இரண்டு மஞ்சள் விளக்குகள்

நவம்பர் மாதத்தில் இரவு இரண்டு மணிக்குக் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை விட்டிருக்கும். காட்டேரி என்ற இடத்தைத் தாண்டியதும் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவந்து சாலையில் உட்கார்ந்துகொள்ளும். முன்கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறெதுவும் இருக்காது. வண்டியில் ஒன்றரை டன் கேரட். கழுவிய கேரட், மூட்டையிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். விடிவதற்குள் மண்டியில் நிற்காவிட்டால் அன்றைய விலை வேறு யாருக்கோ போய்விடும்.

மூன்று வருடங்களுக்கு முன் அப்படி ஓர் இரவில், நான் பெருமையோடு மாட்டியிருந்த நான்கு விளக்குகளையும் ஒன்றாகப் போட்டேன். பம்பருக்கு மேலே இரும்புக் குழாயில் ஒரு தடுப்பு, அதன் மேல் வரிசையாக நான்கு வெள்ளை எல்.இ.டி. விளக்குகள். கோவையில் வாங்கியவை. பகலில் யாராவது பார்த்தால் "என்னங்க, ஸ்டேடியம் மாதிரி இருக்கிறது" என்று கேட்பார்கள். கேட்க வேண்டும் என்றுதான் மாட்டினேன். போட்ட மாத்திரத்தில் அதுவரை மங்கலாகவாவது தெரிந்துகொண்டிருந்த சாலையோர வெள்ளைக் கோடு மறைந்துபோனது. வண்டிக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் எழுந்து நின்றது. பதறி அணைத்தேன். கோடு திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி போனது. பக்கத்தில் இருந்த கிளீனர்ப் பையன், "அண்ணா, அதைப் போடாமல் இருந்தால் நன்றாகத் தெரிகிறது" என்றான். பன்னிரண்டாயிரம் ரூபாய் விளக்கைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சனம் எழுத முடியாது.

அவன் சொன்னதற்குக் காரணம் கண்டுபிடிக்க நான் புத்தகம் எதையும் புரட்டவில்லை. எங்கள் ஊரில் கேரட் எடுப்பவர்கள் விடியலுக்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். தலையில் பட்டை போட்டுக் கட்டிய டார்ச்சோடு வரிசையாகக் குனிந்து பிடுங்கிக்கொண்டே போவார்கள். பனி இறங்கும் நாளில் அவர்களில் வயதான ஓர் அம்மா மட்டும் அந்த டார்ச்சைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "தலையில் இருந்தால் பனிதான் தெரிகிறது, இடுப்பில் இருந்தால் இலை தெரிகிறது" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். பனிமூட்டம் என்பது மிதக்கும் நீர்த்துளிகள். வெளிச்சம் ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதறும். சிதறுவதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். விளக்கு கண்ணுக்கு அருகில் இருந்தால், திரும்பும் வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே வந்து சேரும். விளக்கு கண்ணைவிட்டு எவ்வளவு தள்ளி, எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நாம் பார்க்கும் பாதையும் வெளிச்சம் போகும் பாதையும் அப்போது ஒன்றன் மேல் ஒன்று விழாது. இடையில் இருட்டான பனி ஓர் அடுக்காக நிற்கும், அதன் வழியே கீழே வெளிச்சம் விழுந்த தார்ச்சாலையைப் பார்க்கலாம். என் பிக்கப்பில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 165 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். தடுப்பின் மேல் இருந்த விளக்குகள் 110 சென்டிமீட்டரில் இருந்தன. கண்ணுக்கும் விளக்குக்கும் வெறும் ஒன்றேகால் முழம். கூரை மேல் நீள விளக்கு மாட்டுபவர்களுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. கண்ணுக்கு மேலே இருந்து பனி முழுவதையும் வெளுத்துக் காட்டுகிறார்கள்.

ஆக, விளக்கு கீழே போக வேண்டும். கீழே என்றால் பம்பர்.

இதற்கிடையில் தடுப்புக்கும் வேளை வந்துவிட்டது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டப் போகும் ஒவ்வொரு முறையும் தடுப்பையும் விளக்குகளையும் கழற்றிப் பட்டறையில் வைத்துவிட்டுப் போய், முத்திரை வாங்கி வந்து மறுபடி மாட்டுவது எங்கள் பக்கத்தில் ஒரு சடங்கு. வண்டியில் இருந்து எடுத்துவிட்டுக் காட்ட வேண்டிய ஒரு பொருளை வருடம் முழுவதும் வண்டியில் வைத்திருக்கிறோமே என்று எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில், இப்படிப்பட்ட தடுப்புகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. மோதலில் பம்பர் நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய அடியைத் தடுப்பு நேராகச் சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கடத்துகிறது. நடந்து போகிறவர் மேல் பட்டாலோ பம்பரைவிடக் கொடிது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விளக்கைப் பற்றியும் இரண்டு முக்கியமான விதிகள் உண்டு. 111-ஆம் விதி, முன்னால் தேடுவிளக்கு வகையறாக்களை முன் அனுமதி இல்லாமல் மாட்டக் கூடாது என்கிறது. 106-ஆம் விதி எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு மனிதரின் கண் இருப்பதாக அது கற்பனை செய்துகொள்கிறது. அந்தக் கண் கூசக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் கண் யாருடையது என்று எனக்குத் தெரியும்: முதல் பால் எடுத்துக்கொண்டு எதிரே மொபெட்டில் ஏறிவரும் மனிதருடையது.

பம்பருக்குப் பின்னால் மறைத்து வைத்தால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. கூசும் விளக்கு எங்கே ஒளிந்திருந்தாலும் கூசும் விளக்குதான். பம்பருக்கு முன்னால் மாட்டாமல் பின்னால் போனதற்கு என் காரணங்கள் வேறு. முன்னால் மாட்டிய விளக்கு மண்டியில் பின்னோக்கி வரும் லாரியிடம் ஒரு வாரம்கூடத் தாங்காது. இரவில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் ஸ்பேனரோடு வருகிறவருக்கு இரண்டு நிமிட வேலை. மலைச்சாலையில் முன்னே போகும் டிப்பர் உதறிவிடும் கல் வேறு. பின்னால் இருந்தால் இந்த மூன்றும் இல்லை.

ஆனால் வேறு தொல்லைகள் இருந்தன.

என் வண்டியின் பம்பர் கம்பெனியில் வந்தது அல்ல. அது பர்லியாரில் ஒரு சுவரோடு போய்விட்டது. இப்போது இருப்பது மேட்டுப்பாளையத்தில் பாடி கட்டும் பட்டறையில் தகடு மடித்துச் செய்தது. நடுவில் காற்று போக நீளமாக ஒரு திறப்பு, உயரம் 11 சென்டிமீட்டர். அதன் பின்னால் ஒரு சாண் தள்ளிச் சேஸின் குறுக்குச் சட்டம். சட்டத்தில் ஏற்கெனவே இரண்டு துளைகளும் இருந்தன. இதைவிட வசதியான இடம் உண்டா என்று, 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வட்ட விளக்குகளை வாங்கி, நேராகச் சட்டத்திலேயே போல்ட்டு போட்டு முறுக்கிவிட்டேன். அரை மணி நேர வேலை. நேர்ச்சாலையில் அருமையாக இருந்தது.

குன்னூர் இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே குட்டு வெளிப்பட்டது. கொண்டை ஊசியில் வண்டி பார்க்கும் திசை வேறு, போகப்போகும் திசை வேறு. மூக்கு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நமக்குத் தெரிய வேண்டியது பக்கவாட்டில், கதவுக்கு நேரே இருக்கும் சாலை. பனிமூட்ட விளக்கின் கற்றை அகலமாக இருப்பதே இதற்காகத்தான். என் விளக்குகளோ ஒரு சாண் ஆழத்தில் ஜன்னலுக்கு உள்ளே நின்று எட்டிப் பார்த்தன. வீட்டின் நடுவில் நின்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தால் எதிர்வீடு மட்டும்தானே தெரியும்? தெருமுனை தெரிய வேண்டுமானால் ஜன்னலோடு ஒட்டி நிற்க வேண்டும். திறப்பின் பக்க விளிம்பு விளக்கின் நடுவிலிருந்து 8 சென்டிமீட்டர், விளக்கின் முகம் 15 சென்டிமீட்டர் உள்ளே. விளக்கின் நடுவிலிருந்து கிளம்பும் வெளிச்சம் பக்கவாட்டில் 28 பாகைக்கு மேல் வெளியே போக வழியில்லை. பள்ளிக்கூடத்தில் டேன்ஜென்ட் எதற்கு என்று கேட்டுப் பிரம்படி வாங்கியவன் நான். இதற்குத்தான் போலிருக்கிறது.

இன்னொரு தொல்லையை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பம்பரின் உட்புறம் வெள்ளிப் பெயிண்ட். விளக்கின் ஓர வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துத் திறப்பின் மேல் இடுக்கு வழியாக மேலே ஏறி, பானெட்டுக்கு முன்னால் இருக்கும் பனியை வெளுக்க வைத்தது. கீழே இறக்கியும் பழைய சுவர், கொஞ்சம் மெல்லியதாக, மறுபடி முன்னால் நின்றது. வண்டியை ஓரங்கட்டி, கோணிச்சாக்கை மடித்து மேல் இடுக்கில் திணித்துப் பார்த்தேன். சுவர் போய்விட்டது. மறுநாள் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி உட்புறம் முழுவதும் அடித்தேன். மொத்த வேலையிலும் செலவு குறைந்ததும் பலன் கூடியதும் அதுதான்.

விளக்கை முன்னுக்குக் கொண்டுவர ஒரு பட்டை செய்ய வேண்டியிருந்தது. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், செய்யப்போகிறவர்களுக்கு உதவும். வெல்டிங் பட்டறையில் 5 மில்லிமீட்டர் கனத்தில் பட்டை இரும்பு வாங்கி, ஒரு முனையை எல் வடிவில் மடித்துச் சேஸின் குறுக்குச் சட்டத்தில் இரண்டு போல்ட்டுகளால் பிடித்தேன். ஒரே போல்ட்டில் பிடித்தால் மலைச்சாலைக் குலுக்கலில் பட்டை அதையே அச்சாகக் கொண்டு மெல்லத் திரும்பிவிடும். ஒரு வாரத்தில் விளக்கு தரையைப் பார்க்கும், அல்லது எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கும். மறுமுனை பம்பர் திறப்புக்கு 4 சென்டிமீட்டர் உள்ளே வந்து நிற்கிறது. பம்பரைத் தொடவில்லை. தொடக் கூடாது, தகட்டுப் பம்பர் ஓடும்போது தனியாக நடுங்கும், விளக்கை அதில் மாட்டினால் சாலையில் வெளிச்சமும் சேர்ந்து நடுங்கும். பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு. நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போட்டும் மூன்று நாளில் தளர்ந்தது. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு மாற்றிய பிறகு தளரவில்லை.

விளக்குகளைத் திறப்பின் இரு கோடிகளுக்குத் தள்ளினேன். நடுவில் வைத்தால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று ஆசைதான். ஆனால் அந்தத் திறப்பு இருப்பது இன்ஜின் மூச்சு விட. காலி வண்டி என்றாலும் வெயில் நேரத்தில் இரண்டாவது கியரில் குன்னூர் ஏறும்போது ரேடியேட்டருக்கு வரும் காற்றை இரண்டு விளக்குகளால் அடைத்துவிட்டு, பிறகு சூடு காட்டும் ஊசி ஏறுகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை.

ஒயரிங் வேலையை நானே செய்யவில்லை. அதில் எனக்கு ஒரு பழைய தழும்பு இருக்கிறது. முன்பு ஒரு வண்டியில், ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரைச் சீவி அதிலேயே கூடுதல் விளக்குக்கு இணைப்புக் கொடுத்திருந்தார் ஒருவர். பத்து நிமிடத்தில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து மீன் கருகும் நாற்றம் வந்தது. இந்த முறை மேட்டுப்பாளையத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். வண்டியைப் பார்ப்பதற்கு முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை வாட்ஸ்?"

55 வாட்ஸ் ஹாலஜன், இரண்டு. மொத்தம் 110. 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். டேஷ்போர்டில் இருக்கும் சின்னச் சுவிட்ச் அதைத் தாங்காது. அதனால் ரிலே. சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டி எழுப்பும். ரிலே பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். அதன் கால்களில் எண்கள் பொறித்திருக்கும். 30-இல் பேட்டரி, 87-இல் விளக்கு, 86-இல் சுவிட்ச், 85-இல் எர்த். இந்த நான்கு எண்களையும் அவர் திருக்குறள் போல ஒப்பித்தார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். "ஃபியூஸை விளக்குக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஒயர் உரசிச் சேஸைத் தொட்டால் அந்த ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும்" என்றார்.

ஒயர் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சின்ன வாக்குவாதம். கையில் இருந்த மெல்லிய ஒயரையே போடலாமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் மீட்டரை எடுத்தார். மெல்லிய ஒயரில் விளக்கை எரியவிட்டுப் பேட்டரியிலும் விளக்கின் முனையிலும் அளந்தார். அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போயிருந்தது. அரை வோல்ட் என்ன பிரமாதம் என்று தோன்றும். ஹாலஜன் விளக்கில் மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டார். எர்த்துக்கும் அதே கனம். சேஸில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகுதான் போல்ட்டு போட்டு, மேலே கிரீஸ் தடவினார். துருப்பிடித்த எர்த்தால் மங்கும் விளக்கை, பல்பு சரியில்லை என்று மூன்று தடவை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

எல்.இ.டி. ஏன் இல்லை என்று கேட்பீர்கள். எல்.இ.டி. மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் வாங்கிய அந்த நான்கின் மேல்தான் கோபம். நல்ல பனிமூட்ட விளக்கின் கற்றைக்கு மேல்பக்கம் கத்தியால் நறுக்கியது போல ஒரு விளிம்பு இருக்கும். விளிம்புக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. அந்த விளிம்பை உண்டாக்குவது பிரதிபலிப்பானும் கண்ணாடியும்தான். உள்ளே எரிவது எது என்பது அடுத்த கேள்வி. கடைகளில் குவிந்திருக்கும் மலிவான நீள விளக்குகளில் விளிம்பே கிடையாது. எல்லாத் திசையிலும் வாரி இறைக்கும். தவிர, எல்.இ.டி.யின் சூடு முதுகுப்பக்கம் வரும். அதற்குக் காற்று வேண்டும், பம்பருக்குப் பின்னால் சேறு அப்பினால் முதுகு மூச்சு முட்டும். ஹாலஜனின் சூடு விளக்கின் முன்பக்கக் கண்ணாடிக்கு வரும். அதனால் என் விளக்கின் கண்ணாடியில் ஈரம் தங்குவதில்லை. ஆனால் சூடான கண்ணாடியில் குளிர்ந்த குட்டைத்தண்ணீர் அடித்தால் விரிசல் விழும், ஒன்று விழுந்தும் இருக்கிறது. அதன் பிறகு திறப்பில் ஒரு கம்பி வலை போட்டேன். வலையில் இலைதழை சேரும், அதை எடுக்க வேண்டும். இப்படி ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று முளைப்பதுதான் வண்டி வைத்திருப்பவனின் வாழ்க்கை.

மஞ்சள் ஏன்? மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் ஓட்டுநர் உரிமம் வாங்குவதற்கு முன்பே கற்றுக்கொடுக்கப்படும் பாடம். அது உண்மையில்லை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்று போலவே சிதறடிக்கும். பிரான்சில் 1930-களின் பிற்பாதியிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் கட்டாயம்; பிறகு அவர்களும் வெள்ளைக்கு மாறினார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. தெரிந்தும் நான் மஞ்சள் கண்ணாடிதான் போட்டிருக்கிறேன். நள்ளிரவில் நெடுநேரம் பார்க்கும்போது என் கண்ணுக்கு அது ஒத்துவருகிறது. சாலையில் தாழ்வாக ஒரு ஜோடி மஞ்சள் வருகிறதென்றால் இன்ன வண்டி என்று எதிரே வரும் பால் வண்டிக்காரருக்கு அடையாளமும் தெரிகிறது. இதில் அறிவியல் எதுவும் இல்லை.

கடைசியில் இருந்தது குறிபார்க்கும் வேலை. சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் அதே உயரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட வேண்டும். என் விளக்குக்கு 55 சென்டிமீட்டர். கற்றையின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விழும்படி வைத்து முறுக்கினேன். அன்றிரவு முதல் முறையாக எதிரே வந்த பஸ் எனக்கு விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. அடுத்து வந்த லாரியும் அப்படியே. கீழே இறக்கிய விளக்குக்கு ஏன் கோபித்துக்கொள்கிறார்கள் என்று கல்லாறு வரை புரியவில்லை.

மூட்டைகள்தான் காரணம். சுவர் முன்னால் நின்றபோது வண்டி காலி. ஒன்றரை டன் ஏற்றியதும் பின்பக்கப் பட்டைவில் அமுங்கி வால் இறங்க, மூக்கு தூக்கிக்கொண்டது. பின்பக்கம் 6 சென்டிமீட்டர் இறங்கினால் போதும், மூன்று மீட்டர் நீளத்துக்கு அது நூற்றுக்கு இரண்டு சாய்வு. நான் கீழ்நோக்கி வைத்தது நூற்றுக்கு ஒன்றே காலுக்குச் சற்று மேல்தான். மிச்சம் மேல்நோக்கி. அதாவது இரவு முழுவதும் நான் எதிரே வந்தவர்களின் முகத்தைத் தடவிக்கொண்டே இறங்கியிருக்கிறேன். மறுநாள் லோடு ஏற்றிய பிறகு, கேரட் கழுவும் இயந்திரக் கொட்டகையின் சுவரில் கோடு போட்டு மறுபடி வைத்தேன். கூலிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பகலில் காலியாகத் திரும்பும்போது இந்த விளக்குக்கு வேலையில்லை; அப்போது அது தன் காலடியையே பார்த்துக்கொண்டு வந்தாலும் குற்றமில்லை.

இடது விளக்கை மட்டும் ஒரு நூல் இடதுபக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். 2009 நவம்பரில் குன்னூருக்கு அருகிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மலை பல இடங்களில் சரிந்தது, பலர் இறந்தார்கள், சாலை துண்டுதுண்டாகப் போனது. அந்த வருடம் நான் மாமாவோடு கிளீனராகப் போய்க்கொண்டிருந்தேன். வழி திறந்த பிறகு பல மாதங்கள், தடுப்புச் சுவர் இருந்த இடங்களில் மணல் மூட்டைகள்தான் இருந்தன. பனி இறங்கினால் மாமா என்னை இறங்கி டார்ச்சோடு இடது ஓரமாக முன்னால் நடக்கச் சொல்வார். வண்டி என் நடை வேகத்தில் பின்னால் வரும். டார்ச்சை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொள் என்று அவர் கத்துவார். அன்றைக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பாடத்தைத் திரும்பக் கற்க எனக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆனது.

இப்போது எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கேட்டால், அடர்ந்த பனியில் இருபது மீட்டர். அதற்கு மேல் இல்லை. முன்பு வெறும் ஹெட்லைட்டில் ஏழெட்டு மீட்டர் தெரியும், ஓரம் தெரியாது. இப்போது ஓரக்கோடும், பள்ளத்துப் பக்கக் கல்லும், வளைவின் உள்விளிம்பும் தெரிகின்றன. இருபது மீட்டர் தெரிந்தால் இருபது மீட்டருக்குள் நிற்கும் வேகத்தில்தான் போக முடியும்; லோடோடு ஈரச்சாலையில் அது இரண்டாவது கியர்தான். விளக்கு வைத்த பிறகு நான் வேகமாகப் போய்ச் சேர்ந்த இரவு ஒன்றுகூட இல்லை. ஹெட்லைட்டைத் தாழ்வாகப் போட்டாலும் அடர்ந்த இடங்களில் வெள்ளை கூடுகிறது; அங்கே மட்டும் அதை அணைத்துவிட்டுப் பார்க்கிங் விளக்கோடு இந்த இரண்டை எரியவிட்டு ஊர்ந்து போகிறேன்.

போன ஜூலையில் பர்லியாருக்குக் கீழே அப்படித்தான் ஊர்ந்துகொண்டிருந்தேன். பலாப்பழக் காலம். அரசுப் பழப்பண்ணையைத் தாண்டி, தூறலும் பனியும் கலந்து இறங்கிக்கொண்டிருந்தது. வளைவு திரும்பியதும் சாலை நடுவில் நான்கு தூண்கள் நின்றன. நேற்றுவரை இங்கே அலங்கார வளைவு எதுவும் கட்டவில்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். மஞ்சள் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அவற்றைப் பாதியில் நறுக்கியிருந்தது. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு. பிறகு ஒரு தூண் மெல்ல நகர்ந்து அரை அடி தள்ளி ஊன்றியது.

இன்ஜினை அணைத்தேன். ஹாரனைத் தொடவில்லை, ஹெட்லைட்டைப் போட்டு முகத்தில் அடிப்பது அதைவிட மோசம். என் கை மஞ்சள் விளக்குகளின் சுவிட்சுக்குப் போனது. கிளீனர்ப் பையன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அண்ணா, ஒரு நிமிடம். ஆறு கால் இருக்கிறது."

குனிந்து பார்த்தேன். நான்கு பெரிய கால்களுக்குப் பின்னால், ஏறக்குறைய வெளிச்சத்தின் விளிம்பிலேயே, மெல்லியதாக இன்னும் இரண்டு. மிச்ச இரண்டு அம்மாவின் மறைவில் இருந்திருக்க வேண்டும். குட்டியோடு நிற்கும் யானை என்றால் நகராது. அவசரப்படுத்தவும் கூடாது. சுவிட்சை அணைத்தேன். இருட்டில் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் பலாப்பழம் பிளக்கும் சத்தம் கேட்டது, பிறகு நெடுநேரம் மெல்லும் சத்தம். அந்த வாசனை மூடிய கண்ணாடிக்குள்ளும் வந்தது. பின்னால் கேரட் மூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மண்டியில் அந்நேரம் ஏலம் தொடங்கியிருப்பார்கள்.